நையாண்டி, பகடி, எள்ளல்: யார் சிரிக்கிறார்கள்?

நிரல் எழுதுகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒரு வேலைக்கு ஒரு பெயர்தான். ஒரே பெயரை நான்கு வேலைக்கு வைத்தால் ஆறு மாதம் கழித்து எவனாவது தலையில் அடித்துக்கொள்வான். நம் விமர்சனத்தில் அந்தக் கவலையே கிடையாது. கேலி, கிண்டல், நக்கல், நையாண்டி, எள்ளல், பகடி, அங்கதம் என்று ஏழு சொற்களை வைத்துக்கொண்டு, கைக்கு எது வருதோ அதைப் போடுகிறோம். 'எள்ளல் நடை' என்று எழுதியதும் மதிப்புரை முடிந்துவிடுகிறது.

பழையவர்கள் இவ்வளவு அலட்சியமாக இல்லை. தொல்காப்பியச் செய்யுளியல் அங்கதத்தை இரண்டாகப் பிரிக்கிறது. முகத்துக்கு நேராக வைவது செம்பொருள். மறைத்துச் சொல்வது பழிகரப்பு. தொண்டைமானின் ஆயுதங்கள் நெய் பூசிப் பளபளவென்று இருக்கின்றன, அதியமானின் ஆயுதங்களோ முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று ஔவை புறநானூற்றில் சொல்வது இரண்டாவது வகை. வார்த்தையில் புகழ்ச்சி, பொருளில் அடி. அடி வாங்குபவன் அரசன் என்பதையும் கவனிக்க வேண்டும்.

மெய்ப்பாட்டியல் நகை பிறக்கும் நான்கு இடங்களைச் சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். எள்ளலுக்கு உரை எழுதிய பேராசிரியர் அதிலும் இரண்டைக் காண்கிறார். பிறரை எள்ளிச் சிரிப்பது ஒன்று. பிறர் தன்னை எள்ளும்போது தானே சிரிப்பது இன்னொன்று. இந்த இரண்டாவது சிரிப்பைத்தான் நாம் மறந்துவிட்டோம்.

பகடி என்று இன்று நாம் சொல்வது வேறு. அதற்கு ஒரு மூலம் வேண்டும். 2010இல் வந்த 'தமிழ்ப் படம்' நம்மைச் சிரிக்க வைத்ததற்குக் காரணம், எடுத்தவர்களும் பார்த்தவர்களும் நூறு கதாநாயகப் படங்களைக் கரைத்துக் குடித்திருந்ததுதான். மூலம் தெரியாமல் பகடி செய்ய முடியாது. நக்கலுக்கு அதெல்லாம் தேவையில்லை, எதிரில் ஒரு ஆள் இருந்தால் போதும்.

இதை வைத்துக்கொண்டு பிளவக்கல் பக்கம் போகலாம். அணைக்குக் கீழே வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் என்று நீளும் தென்மாவட்டத்துக் கோயில் கொடைகளில் கரகாட்டத்துக்கு வாசிப்பது நையாண்டி மேளம். நாதசுரம், தவில், பம்பை, தாளம். கேலியைப் பெயரிலேயே வைத்திருக்கும் மேளம். அந்த ஆட்டத்தின் இடையில் குறவன் குறத்தி ஆட்டமும் வரும். பாசிமணி, ஒட்டுப்போட்ட உடை, இரட்டை அர்த்தப் பேச்சு, கூட்டத்தின் விசில். ஆடுகிறவர்கள் பெரும்பாலும் குறவர்கள் அல்ல. இந்த ஆட்டம் தங்களை இழிவுபடுத்துகிறது என்று அந்தச் சமூகத்தினர் நீண்ட நாட்களாகச் சொல்லிவந்தார்கள். உயர்நீதிமன்ற மதுரைக் கிளை வரை போனது. 2023 மார்ச்சில் தமிழ்நாடு அரசு அந்த ஆட்டத்தைத் தடை செய்தது.

அப்போது கேட்ட எதிர்ப்பு இதுதான்: "சும்மா தமாஷுக்குத்தானே, கலையை ஏன் தடை செய்றீங்க?" இது லேசான கேள்வி அல்ல. நையாண்டியைத் தடை செய்யும் கை நாளை ஔவையின் வாயையும் பொத்தலாம். ஆடுபவர்களும் அன்றாடக் கூலிக்காரர்கள்தான்.

ஆனால் இது நையாண்டியா? குற்றாலம் பக்கத்தில்தான் இருக்கிறது. திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியிலும் குறத்தி வேடம் உண்டு, சிரிப்பும் உண்டு. சிங்கியின் மேல் கிடக்கும் நகைகளைப் பார்த்து மிரளும் சிங்கன் ஒவ்வொன்றாகக் கேட்க, குறி சொல்லிச் சம்பாதித்ததை அவள் சொல்கிறாள். அதையும் குறவர் அல்லாத ஒரு புலவர்தான் எழுதினார். ஆனாலும் அங்கே பதில் சிங்கியிடம் இருக்கிறது. மலையின் வளத்தைச் சொல்லும் பெருமையும் அவளுடையது.

கொடை மேடையில் குறத்திக்குப் பதில் இல்லை, இடுப்பு மட்டும்தான் இருக்கிறது. அந்த உடைக்கு மூலமான மனிதர்கள் யார், மலையோடு அவர்களுக்கு என்ன உறவு, குற்றப்பரம்பரைச் சட்டம் அவர்களை என்ன செய்தது என்று மேடைக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. மூலம் தெரியாததால் இது பகடி ஆகாது. வலியவனைத் தொடாததால் ஔவை செய்த அங்கதமும் ஆகாது. மிஞ்சுவது நக்கல், அதுவும் கீழே பார்த்துச் செய்கிற நக்கல்.

பேராசிரியர் சொன்ன இரண்டாவது சிரிப்பு இங்கேதான் உரைகல்லாகிறது. எள்ளப்பட்டவரும் சேர்ந்து சிரிக்க முடிகிறதா? அரசனால் முடியும், அவனுக்கு அரண்மனை இருக்கிறது. நூறு படம் நடித்த கதாநாயகனாலும் முடியும். கொடை முடிந்த மறுநாள் பஸ் ஸ்டாண்டில் அதே பேச்சைக் கேட்கும் பெண்ணிடம் போய் "தமாஷா எடுத்துக்கம்மா" என்று சொல்ல நமக்கு வாய் வருமா?

அரசாணை ஆட்டத்தை நிறுத்தலாம். பகடி எது, நக்கல் எது என்று பிரித்துச் சொல்வது விமர்சனத்தின் வேலை. அதை நாம் செய்யாததால்தான் அந்த மனிதர்கள் நீதிமன்றப் படி ஏறினார்கள். அடுத்த மதிப்புரையில் 'எள்ளல் நடை' என்று எழுதும் முன், யார் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று ஒரு வரி சேர்த்து எழுதினால் போதும். ஏழு சொற்களும் அவற்றின் இடத்தில் தாமாகவே போய் உட்கார்ந்துகொள்ளும்.