யாரோடு ஒப்பிட்டார்கள்?

தினமும் இரண்டு கப் காபி குடித்தால் கல்லீரலுக்கு நல்லது என்று ஒரு செய்தி வரும். அடுத்த மாதமே, காபியைக் குறையுங்கள், தூக்கம் கெடுகிறது என்று இன்னொன்று. நாளிதழில் நாலு வரி. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அதையே சித்தப்பா பத்து ஆச்சரியக்குறியோடு அனுப்புவார். "இவங்க ஆராய்ச்சி இன்னைக்கு ஒண்ணு சொல்லும், நாளைக்கு வேற சொல்லும்" என்று அலுத்துக்கொண்டு நாம் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். அலுப்பில் நியாயம் உண்டு. நமக்கு வந்து சேர்வது முடிவு மட்டும்தானே! கச்சேரிக்குக் கடைசியில் போய் மங்களம் மட்டும் கேட்டுவிட்டு வருகிறவருக்குச் சங்கீதம் பிடிக்கவில்லை என்றால் பாடகர் என்ன செய்வார்?

மருத்துவ ஆராய்ச்சியின் ருசியெல்லாம் முடிவுக்கு முந்திய பக்கங்களில் இருக்கிறது. அதை அனுபவிக்க டாக்டருக்குப் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால் போதும்: யாரோடு ஒப்பிட்டார்கள்? இந்தக் கேள்விக்கு ஓர் ஆராய்ச்சி எவ்வளவு நேர்த்தியாகப் பதில் வைத்திருக்கிறது என்று பார்க்கத் தொடங்கிவிட்டால், நூறு வருடத்துக்கு முந்திய கட்டுரைகூடச் சுவாரசியமாகிவிடும்.

அப்படி ஒன்றை எடுத்துக்கொள்வோம். இடம் கோலாலம்பூர். அந்தக் காலத்து மலாயாவைப் பெரிபெரி என்ற நோய் வாட்டிக்கொண்டிருந்தது. முதலில் கால் மரத்துப்போகும். நடை தள்ளாடும். உடம்பு வீங்கும். கடைசியில் இதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் இதற்குப் பெருமளவில் பலியானார்கள். ஆனால் அதே மண்ணில் உழைத்த தமிழ்த் தொழிலாளர்களிடம் இந்த நோய் அபூர்வம். லியோனார்ட் பிராடன் என்ற அரசு மருத்துவர் இதைக் கவனித்து, வித்தியாசம் சோற்றில் இருக்கிறது என்றார். சீனர்கள் சாப்பிட்டது சயாமிலிருந்து வந்த, நன்றாகத் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர்கள் சாப்பிட்டது இந்தியாவிலிருந்து வந்த புழுங்கல் அரிசி.

கேட்டவுடன் நமக்குச் சரியென்று படுகிறது. நம் வீட்டு அரிசிக்குப் பெருமை என்பதால் இன்னும் சரியாகப் படுகிறது. இங்கேதான் நம் கேள்வியை எடுக்க வேண்டும். சீனருக்கும் தமிழருக்கும் அரிசியில் மட்டுமா வேறுபாடு? ஒருவர் சுரங்கத்தில், மற்றவர் தோட்டத்தில். குடியிருப்பு வேறு, குழம்பு வேறு, பழக்கவழக்கம் வேறு. நோய் ஏதோ கிருமியால் வருகிறது, அந்தக் கிருமி குறிப்பிட்ட கட்டடங்களில் தங்கியிருக்கிறது என்று நம்பிய மருத்துவர்கள் பலர் இருந்தார்கள். அவர்கள் வாயை அடைக்க பிராடனின் ஒப்பீடு போதாது.

வில்லியம் பிளெட்சர் என்ற டாக்டர் செய்ததைப் பாருங்கள். 1905 டிசம்பர் 5ஆம் தேதி, கோலாலம்பூர் மனநோய் விடுதியில் இருந்த நோயாளிகளைச் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிற்கவைத்து, இடமிருந்து எண் கொடுத்தார். ஒற்றைப்படை எண்காரர்கள் முற்றத்தின் கிழக்குப் பக்க வார்டுக்குப் போனார்கள். அவர்களுக்கு வழக்கமான சயாம் அரிசி. இரட்டைப்படை எண்காரர்கள் மேற்குப் பக்க வார்டுக்கு. அவர்களுக்குப் புழுங்கல் அரிசி. மற்ற சாப்பாடெல்லாம் ஒன்றே. புதிதாக வந்து சேர்ந்தவர்களையும் ஒருவர் விட்டு ஒருவராக இப்படியே பிரித்தார். ஒரு வருடம் போயிற்று. சயாம் அரிசி சாப்பிட்ட 120 பேரில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கல் அரிசி சாப்பிட்ட 123 பேரில் ஒருவர்கூட இறக்கவில்லை.

எண்ணிக்கை அசத்தலாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் ரசிப்பது இரண்டு இடங்களை. ஒன்று, அந்த எண் கொடுத்தல். யார் எந்த அரிசி சாப்பிடுவது என்ற முடிவை டாக்டர் தன் கையிலிருந்து எடுத்து வரிசையிடம் கொடுத்துவிட்டார். திடகாத்திரமானவர்களைத் தனக்குப் பிடித்த பக்கம் சேர்த்துவிட்டார் என்று இனி யாரும் சொல்ல முடியாது. இன்னொன்று, ஆண்டின் நடுவில் அவர் இரண்டு குழுக்களின் வார்டுகளையும் மாற்றிவிட்டார். கிழக்கே இருந்தவர்கள் மேற்கே, மேற்கே இருந்தவர்கள் கிழக்கே. அரிசி மட்டும் ஆளோடு போயிற்று. கட்டடத்தில்தான் கிருமி இருக்கிறது என்பவர்கள் வாய் திறக்குமுன்பே பதில் தயார். எதிராளி என்ன சொல்வான் என்று முன்கூட்டியே யோசித்து வைத்திருக்கும் ஆராய்ச்சிதான் என் கணக்கில் அழகான ஆராய்ச்சி.

இதைப் படிக்கும்போது மனசு உறுத்தவும் செய்கிறது. அந்த 243 பேரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்லும் நிலையில் பலர் இருந்திருக்க மாட்டார்கள். பாதிப் பேருக்குப் பழைய அரிசியே தொடர்ந்தது, அதில் 18 உயிர் போயிற்று. இன்றைய நெறிமுறைக் குழு எதுவும் இதற்கு அனுமதி தராது. தரவும் கூடாது.

பிளெட்சருக்குக் காரணம் தெரியாது என்பதையும் கவனியுங்கள். வைட்டமின் என்ற பெயரே 1912இல்தான் பிறந்தது. நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலும் முளைக்கருவிலும் இருக்கும் தயமின் என்ற பி1 வைட்டமின் அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் ஓரளவு தங்கிவிடுகிறது. பச்சரிசியில் தவிடு போனால் அதோடு தயமினும் போயிற்று. இந்த விளக்கம் பின்னால் வந்தது. எந்த அரிசி கொல்கிறது என்பது, ஏன் கொல்கிறது என்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது.

பிராடனின் ஊகம் பலித்தது. எல்லா ஊகமும் பலிப்பதில்லை. காய்கறி, பழம் நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கும் ரத்தத்தில் பீட்டா கரோட்டின் கூடுதலாக இருப்பவர்களுக்கும் நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று பல ஆய்வுகள் காட்டியிருந்தன. அப்படியானால் கரோட்டினையே மாத்திரையாகக் கொடுத்தால்? பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பல ஆண்டுகள் கொடுத்துப் பார்த்தார்கள். 1994இல் முடிவு வந்தது. கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம்! காரட் சாப்பிடுகிறவர் வேறு பல நல்ல பழக்கங்களும் உள்ளவராக இருப்பார். காரட்டில் கரோட்டின் மட்டும் இருப்பதுமில்லை. காபிச் செய்திகள் பெரும்பாலும் இந்த முதல் ரகத்தைச் சேர்ந்தவை: குடிக்கிறவர்களையும் குடிக்காதவர்களையும் வேடிக்கை பார்த்து எழுதியவை. அவற்றைத் துப்பாக எடுத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒற்றை இரட்டை முறையிலும் ஓட்டை உண்டு. அடுத்து வருகிறவர் எந்தப் பக்கம் என்று முன்பே தெரியுமல்லவா? ரொம்ப நோஞ்சானாக ஒருவர் வந்தால், 'இவரைக் கொஞ்சம் பொறுத்துச் சேர்க்கலாமே' என்று தோன்றும். தெரிந்து செய்வதைவிடத் தெரியாமல் செய்வது அதிகம். 1948இல் வெளியான, காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைச் சோதித்த பிரிட்டிஷ் ஆய்வில் புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் இந்த ஓட்டையை, எந்தக் குழு என்று உள்ளே எழுதி ஒட்டி மூடிய கவர்களால் அடைத்தார். நோயாளியைச் சேர்த்துக்கொண்ட பிறகுதான் கவரைப் பிரிக்க வேண்டும். எக்ஸ்ரே படங்களைப் பார்த்துச் சொன்னவர்களுக்கும் எந்தப் படம் எந்தக் குழு என்று தெரியாது. ஆறு மாதத்தில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேரும் இறந்தார்கள்.

அந்தப் பாரம்பரியம் சென்னைக்கு வந்த கதை நம்மவர்களுக்கே அதிகம் தெரியாது. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர்., மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து இங்கே ஒரு காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையத்தைத் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் அதை வழிநடத்தினார். அன்றைக்கு டி.பி. என்றால் சானடோரியம். நல்ல காற்று, முட்டை, பால், மாதக்கணக்கில் படுக்கை. நாட்டில் நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். படுக்கைகளோ மிகக் குறைவு. மருந்து வந்துவிட்டதே, இனியும் சானடோரியம் தேவையா என்பதுதான் கேள்வி.

நெருக்கடியான பகுதிகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகளைக் குலுக்கலில் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்துக்கு அனுப்பினார்கள். மறு பாதி வீட்டிலேயே இருந்தது. இருவருக்கும் ஒரே மருந்து: ஐசோநியாசிடும் பி.ஏ.எஸ்.ஸும், ஒரு வருடம். வீட்டில் இருப்பவர் மருந்தை விழுங்குகிறாரா, ஜன்னல் வழியே எறிகிறாரா என்று எப்படித் தெரியும்? சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மிச்ச மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீர் வாங்கிப் பரிசோதித்து, பி.ஏ.எஸ். இருக்கிறதா என்று பார்த்தார்கள். நோயாளியின் வாய்வார்த்தையை மட்டும் நம்பி எழுதியிருந்தால் அந்த ஆய்வு பாதி மதிப்பு பெறாது. உணவு ஆராய்ச்சி எதையாவது படித்தால் இதை நினைவில் வையுங்கள். 'போன வருடம் வாரத்துக்கு எத்தனை முறை கீரை சாப்பிட்டீர்கள்' என்ற கேள்வித்தாளில் நிற்கும் கட்டடங்கள் அங்கே ஏராளம்.

1959இல் முடிவு வந்தது. ஓராண்டில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். குழுவுக்குச் சுமார் 80 பேர் என்பதால், இந்த 6 சதவீத வித்தியாசம் என்பது நாலைந்து பேர். வீட்டில் இருந்தவர்கள் மோசமாகத்தான் சாப்பிட்டார்கள், எடையும் குறைவாகவே ஏறியது, ஆனாலும் குணமானார்கள். குடும்பத்தாருக்கு நோய் தொற்றுமே என்ற பயம் நியாயமானது. அதற்காக வீட்டாரை ஐந்து ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். நோயாளியோடு இருந்த குடும்பங்களில் கூடுதலாக யாருக்கும் நோய் வந்துவிடவில்லை. உலகம் முழுக்கச் சானடோரியங்களின் காலம் முடிய இந்தச் சென்னை ஆய்வு பெரிய காரணம்.

இனி, 2023 ஆகஸ்டில் லான்செட் இதழில் வந்த ஜார்க்கண்ட் ஆய்வு. ராஷன்ஸ் என்று பெயர். காசநோயாளிகள் 2,800 பேரின் குடும்பங்களைப் பிரித்து, ஒரு பகுதிக் குடும்பங்களில் நோயில்லாத உறுப்பினர்களுக்கும் மாதந்தோறும் ஆளுக்கு 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ பருப்பு, சத்து மாத்திரை கொடுத்தார்கள். நோயாளிகளுக்கு இரு பக்கத்திலும் உணவு உண்டு. கோலாலம்பூரிலிருந்து நாம் வந்திருக்கும் தூரம் அது. மற்ற வேறுபாடுகளைச் சரிக்கட்டிய கணக்கில், குடும்பத்தாரிடம் புதிதாக நோய் வருவது 39 சதவீதம் குறைந்தது.

சென்னை ஆய்வு சாப்பாடு பெரிதல்ல என்றது, ஜார்க்கண்ட் ஆய்வு சாப்பாடுதான் என்கிறது, பார்த்தீர்களா என்பார் சித்தப்பா. கேள்வியைப் பாருங்கள். சென்னையில் கேட்டது, நோய் வந்தவர் மருந்தோடு குணமாகச் சானடோரியச் சாப்பாடு வேண்டுமா என்று. ஜார்க்கண்டில் கேட்டது, நோய் வராதவருக்கு வராமல் தடுக்கச் சாப்பாடு உதவுமா என்று. இரண்டும் ஒன்றையொன்று மறுக்கவே இல்லை.

அந்த 39ஐயும் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். உணவு பெறாத 4,724 பேரில் 122 பேருக்கும், பெற்ற 5,621 பேரில் 96 பேருக்கும் நோய் வந்தது. அதாவது நூற்றுக்கு 2.6, நூற்றுக்கு 1.7. ஒருவருக்கு நோய் வராமல் தடுக்கச் சுமார் 114 பேருக்கு உணவு தர வேண்டும் என்று நாமே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். செய்தித்தாள் 39ஐப் போடும், 2.6ஐயும் 1.7ஐயும் தேடி எடுப்பது நம் வேலை. என்னைக் கேட்டால், அரிசி பருப்புச் செலவில் இது மிக நல்ல பலன். சத்துக்குறைவால் வரும் வேறு கேடுகளும் அந்த 114 பேருக்கும் குறையுமே! குறை ஒன்று உண்டு: மருந்துச் சோதனையில் ஒப்பீட்டுக் குழுவுக்குத் தருவதுபோல அரிசி மூட்டைக்குப் போலி மாத்திரை கிடையாது. யாருக்கு உணவு வருகிறது என்பது எல்லாருக்கும் தெரிந்தே நடந்தது.

ஒரு கட்டுரையைத் திறந்தால் முதலில் போக வேண்டிய இடம், பெரும்பாலும் முதல் அட்டவணை. தொடக்கத்தில் இரு குழுவினரின் வயது, எடை, நோயின் கடுமை பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். இரண்டு பத்தியும் ஒத்துப்போனால் குலுக்கல் ஒழுங்காக நடந்திருக்கிறது. இந்தியாவில் நடக்கும் மருத்துவச் சோதனைகளுக்கு சி.டி.ஆர்.ஐ. என்ற பதிவேடு 2007 முதல் இருக்கிறது. எதை அளக்கப்போகிறோம் என்று அதில் முன்கூட்டியே எழுதியிருப்பார்கள். கட்டுரையில் அதையேதான் அளந்திருக்கிறார்களா என்று ஒத்துப்பார்ப்பது தனி சுகம். எலியில் செய்ததா, மனிதரில் செய்ததா என்பதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். பல செய்திகள் அங்கேயே உதிர்ந்துவிடும்.

தொடங்குவதற்குச் சென்னை ஆய்வையே சிபாரிசு செய்வேன். உலக சுகாதார நிறுவனத்தின் புல்லட்டின் இதழில் 1959இல் வெளியான அந்தக் கட்டுரை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நீளம் அதிகம்தான்; அட்டவணைகளை மட்டும் பார்த்தாலும் போதும். அதை நடத்திய நிலையம், தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் சேத்துப்பட்டில் இன்றும் இயங்குகிறது.