நகைப்பும் நடுநிலையும்

நகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என்று வகுத்தது தொல்காப்பியம். பேதைமை, மடமை, இளமை என்பன அவற்றுள் மூன்று, எஞ்சியது எள்ளல். முன்னைய மூன்றும் தாமாக நேர்வன. எள்ளலோ மனிதன் வேண்டுமென்றே செய்வது. ஆதலின் அதற்குக் கணக்கும் உண்டு. ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரை ஏளனம் செய்வதைத் திருக்குர்ஆனின் அல்-ஹுஜுராத் அத்தியாயம் (49:11) விலக்குகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நகைச்சுவையாகப் பேசியதுண்டு. அப்போதும் உண்மைக்குப் புறம்பாக எதையும் சொன்னதில்லை என்பது ஹதீஸ் நூல்கள் தரும் செய்தி. யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்? அச்சிரிப்பில் உண்மை எவ்வளவு? நகைச்சுவைப் படைப்பு எதுவாயினும் அதனை உரைத்துப் பார்க்க இவ்விரண்டு வினாக்களே போதும்.

அவ்வாறு உரைத்துப் பார்க்கத் தக்கதொரு படைப்பு, பிரிட்டிஷ் தொலைக்காட்சி தந்த 'ரிப்பிங் யார்ன்ஸ்'. 1976 முதல் 1979 வரை பிபிசியின் இரண்டாம் அலைவரிசையில் ஒளிபரப்பான ஒன்பது தனித்தனிக் கதைகள் இவை. எழுதியவர்கள் மைக்கேல் பேலினும் டெர்ரி ஜோன்ஸும். இருவரும் 'மாண்டி பைத்தான்' நகைச்சுவைக் குழுவால் பெயர் பெற்றவர்கள். ஜோன்ஸ் 2020-இல் காலமானார். ஒவ்வொரு கதையிலும் பேலினே முதன்மை நடிகர். தலைப்பு, பழைய ஆங்கிலப் பள்ளிப் பிள்ளைகளின் பேச்சு வழக்கு. 'அட்டகாசமான கதைகள்' என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

இவை எள்ளி நகையாடுவது இங்கிலாந்தின் பழைய சிறுவர் வீரக் கதைகளை. அக்கதைகளின் வரலாற்றைச் சிறிது அறிந்தாலன்றி இந்நகைச்சுவையின் ஆழம் விளங்காது. 'பாய்ஸ் ஓன் பேப்பர்' என்னும் சிறுவர் இதழ் 1879-இல் தொடங்கி 1967 வரை வெளிவந்தது. அதனைத் தொடங்கியது ஒரு கிறிஸ்தவ சமயநூல் சங்கம். மலிவான கொலைக் கதைகளிலிருந்து பிள்ளைகளை மீட்டு நல்ல வாசிப்பைத் தரவேண்டும் என்பதே அதன் நோக்கம். நோக்கம் தூயது. ஆயினும் நல்லொழுக்கம், துணிவு, விடாமுயற்சி ஆகிய பாடங்களோடு வேறொரு பாடமும் இத்தகைய எழுத்துகளில் சேர்ந்து வந்தது: உலகம் ஆங்கிலச் சிறுவன் ஆள்வதற்காகக் காத்திருக்கிறது என்பதே அது. நூற்றுக்கு மேற்பட்ட நூல்களை எழுதிய ஜி. ஏ. ஹென்டி இவ்வகை எழுத்தின் பெருவணிகர். பதினைந்து பதினாறு வயதுச் சிறுவன் ஒருவன் கடல் கடந்து போவான், போர் வெல்வான், பொருளோடு திரும்புவான். இடமும் ஆண்டும் மாறும், கதை மாறாது.

பேலினும் ஜோன்ஸும் கையாண்ட முறை நமக்குப் புதிதன்று. மதரஸாவில் 'மகாமாத்' ஓதியவர்கள் இதனை உடனே இனங்கண்டுகொள்வர். பதீஉஸ் ஸமான் ஹமதானியின் மகாமாத்தில், ஈஸா இப்னு ஹிஷாம் எங்களுக்கு அறிவித்தார் என்று ஹதீஸ் அறிவிப்பின் சாயலில் ஒவ்வொரு கதையும் தொடங்கும். தொடர்ந்து வருவதோ ஒரு நாடோடி எத்தனின் சாகசம். வடிவத்தைக் குலையாமல் வைத்து, உள்ளிருப்பதை மட்டும் மாற்றிவிடும் கலை அது. 'ரிப்பிங் யார்ன்ஸ்' செய்வதும் அதுவே. பழங்காலத்து உடை, பெருமிதமான குரல், கம்பீரமான இசை யாவும் அப்படியே இருக்கும். வீரம் மட்டும் இராது.

முதற் கதையான 'டாம்கின்சனின் பள்ளிப் பருவம்', 1857-இல் வெளிவந்த 'டாம் பிரவுனின் பள்ளிப் பருவம்' என்னும் புகழ்பெற்ற நாவலின் நிழலில் நடக்கிறது. இப்பள்ளியில் பிள்ளைகளைக் கொடுமைப்படுத்துவதற்கென்றே ஒரு மாணவனுக்கு முறையான பதவி உண்டு. திருநாள் ஒன்றில் மாணவர்களைப் பள்ளிச் சுவரில் ஆணியடித்து மாட்டுவது மரபு. தப்பியோடத் துடித்த டாம்கின்சன் கடைசியில் தப்புவதில்லை. அந்தக் கொடுமைக்காரன் பதவியே அவனைத் தேடி வருகிறது. பேரரசை ஆளப்போகும் பிள்ளைகள் எங்கே, எவ்வாறு பயிற்றப்பட்டனர் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல இயலாது. அடி வாங்கியவன் அடிப்பவனாக உயர்த்தப்படுகிறான். அதற்கு ஒழுக்கப் பயிற்சி என்று பெயர்.

மற்றொரு கதையில், முதல் உலகப் போரின் கைதி முகாமிலிருந்து தப்புவதையே வாழ்நாள் இலட்சியமாகக் கொண்டவர் மேஜர் ஃபிப்ஸ். அம்முகாமிலிருந்து தப்பாத ஒரே மனிதர் என்பதே இறுதியில் அவருக்குக் கிடைக்கும் புகழ். இன்னொரு கதையில் கேப்டன் ஸ்னெட்டர்டன் தவளைகளோடு ஆண்டிஸ் மலைத்தொடரைக் கடக்கப் பெருவுக்குப் போகிறார். எதற்காக என்று யாரும் கேட்பதில்லை. பழைய பயணக் கதைகளிலும் யாரும் கேட்டதில்லை. வேறுபாடு தவளைகள் மட்டுமே.

இதுவரை சொன்னவற்றால் முதல் வினாவில் இப்படைப்பு தேறிவிடுகிறது. இவர்கள் பிறரை ஏளனம் செய்யவில்லை. தம் பாட்டன்மாரின் செருக்கைப் பார்த்தே சிரித்தார்கள். ஹிஜ்ரி 255-இல் மறைந்த அல்-ஜாஹிழ், தம் 'கிதாபுல் புகலா'வில் கஞ்சர்களைச் சாடியபோது, தாம் பிறந்த பஸராவின் கஞ்சர்களையும் விட்டுவைக்கவில்லை. அவ்வூர்ப் பள்ளிவாசலில் கூடிச் சிக்கனம் பேசியோரும் அதில் அகப்பட்டனர். தன் ஊராரைப் பார்த்துச் சிரிக்கும் துணிவு, வாளேந்தும் துணிவினும் அரிது.

இரண்டாம் வினாவிலேதான் இடறுகிறது. 1979-இல் வந்த இறுதிக் கதை 'இந்திய ஆட்சியில் ரோஜர்'. விருந்து மேசையில் மதுக்குடுவையைத் தவறான திசையில் நகர்த்தும் பேச்சுக்கே ஓர் அதிகாரி வெளியே சென்று தம்மைச் சுட்டுக்கொண்டு மானத்தைக் காக்கிறார். எல்லாரும் சமமாக வாழ்ந்தால் என்ன என்று பிரபு ஏக்கத்தோடு எண்ணுகிறார். மனைவி அவர் வாயை அடைக்கிறாள். மகன் ரோஜருக்கோ இந்தியாவை ஆள விருப்பமில்லை. மருந்துக் கடை வைக்கவே ஆசை. சிரிக்காமல் இருக்க முடியாது. ஆனால் அந்த மேசையில் பேசுகிறவர்கள் அனைவரும் ஆங்கிலேயர். கதை நடப்பது இந்தியாவில். கதையை நடத்துவோருள் இந்தியர் ஒருவரும் இலர். 'நகத்தின் சாபம்' கதையிலும் அவ்வாறே: பர்மியக் கழுகின் புனித நகம் ஒன்று இங்கிலாந்துக்கு வந்து குடும்பத்தைக் கெடுக்கிறது. இரங்கூனைக் கடையாகவும் கடிதமாகவும் பள்ளிவாசலாகவும் அறிந்திருந்த குடும்பங்கள் நம்மிடையே பல. இந்தக் கதைக்குப் பர்மா வெறும் சாபம் புறப்படும் திசை மட்டுமே.

பேரரசு வெறும் அசட்டுத்தனம் என்று இப்படைப்பு சொல்கிறது. அசட்டுத்தனம் இருந்தது உண்மை. அதற்குப் பல்லும் நகமும் இருந்தன என்பதும் உண்மை. ஹென்டியின் 'மைசூர்ப் புலி' 1896-இல் வந்தது. திப்பு சுல்தானிடம் சிறைப்பட்டதாகக் கருதப்படும் தந்தையைத் தேடி இந்தியா வரும் ஆங்கிலச் சிறுவனின் கதை அது. அதைப் படித்துத் திப்புவை அறிந்த பிள்ளை அவரைக் கொடுங்கோலராக மட்டுமே அறிந்திருக்கும். 1799 மே 4-ஆம் நாள் சீரங்கப்பட்டணத்தில் அவர் வீழ்ந்தபின் கைப்பற்றப்பட்டவற்றுள் அரபு, பார்சி ஏடுகள் நிறைந்த ஒரு நூலகம் இருந்தது; அதற்குச் சார்லஸ் ஸ்டூவர்ட் 1809-இல் விளக்க அட்டவணையே வெளியிட்டார். அந்நூலகம் ஹென்டி வகைக் கதைக்குத் தேவைப்படவில்லை. அக்கதைகளைக் கேலி செய்தவர்களுக்கும் தேவைப்படவில்லை. முன்னவர் எதிரியைக் கொடியவன் ஆக்கினார். பின்னவர்கள் அவனை மேடையிலிருந்தே நீக்கிவிட்டார்கள்.

இதனைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை, எல்லையாகச் சொல்கிறேன். தம் வீட்டுக் கணக்கை அவர்கள் நேர்மையாகத் தீர்த்தார்கள். நம் வீட்டுக் கணக்கை அவர்கள் எழுத முடியாது. அது நம் வேலை. அதை எழுதும்போதுதான் நமக்குச் சோதனை காத்திருக்கிறது. நம் பிள்ளைகளுக்கான வீரக் கதைகளில் ஹென்டியின் அச்சையே எடுத்து, பெயர்களை மட்டும் மாற்றிவிடுவது எளிது: நம்மவர் பிழையே செய்யாதவர், எதிரி மனிதனே அல்லாதவன். அப்படி எழுதினால் ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் நம் பேரப்பிள்ளைகள் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பிலும் உண்மை இருக்கும். திப்புவின் வீரத்தோடு அவர் பிழைகளையும், அவரை எதிர்த்தோரின் கொடுமையோடு அவர்களுடைய அச்சத்தையும் சேர்த்துச் சொல்லும் சிறுவர் நூல் ஒன்று தமிழில் வருமானால், எள்ளலுக்கு அதில் இடம் கிடைக்காது. படிக்கும் பிள்ளைக்கு ஒரு மனிதரைத் தெரிந்திருக்கும்.