வங்கியின் அடிவயிறு

ஹாங்காங் ஷாங்ஹாய் வங்கியின் தலைமைக் கட்டிடத்தைப் பற்றிச் சில வருஷங்களுக்கு முன் இதே பக்கங்களில் எழுதியிருந்தேன். அது தவறு. தகவல்களில் பிழை இல்லை. நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்து 1985இல் முடிந்த கட்டிடம்; மாடிகள் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கப்படாமல் எஃகுக் கம்பங்களிலிருந்து தொங்குகின்றன; எலும்பை உள்ளே மறைக்காமல் வெளியே காட்டுகிற நேர்மை அதற்கு உண்டு. இவ்வளவும் சரி. தரைத்தளம் முழுவதும் சுவரின்றித் திறந்துகிடப்பதைக் ‘கட்டிடத்தின் மௌனம்’ என்று எழுதியிருந்தேன். அந்தச் சொல்லில் எனக்கு ரொம்பத் திருப்தி. புகைப்படங்களைப் பார்த்து எழுதியது. படங்களில் ஆளே இல்லை என்பதும், ஆளில்லாத வேளையாகப் பார்த்துத்தான் அவை எடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதும் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பிறகு ஹாங்காங் போக வாய்த்தது. கௌலூன் பக்கம் சுங்கிங் மேன்ஷன்ஸில் தங்கினேன். 1961இல் கட்டிய 17 மாடி. லிஃப்டில் ஒன்று ஒற்றைப்படை மாடிகளுக்கு, மற்றது இரட்டைப்படைக்கு. வரிசையில் எனக்குப் பின்னால் இரண்டு பேர் தமிழில் செல்போன் மொத்த விலை பேசிக்கொண்டிருந்தார்கள். என் அறையில் கட்டிலிலிருந்து காலை இறக்கினால் கதவு. இந்தக் கட்டிடத்தைப் பற்றி ஏகப்பட்ட பேர் எழுதியாகிவிட்டது. நான் சேர்க்க எதுவுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்டார் ஃபெர்ரியில் அக்கரைக்குப் போனேன். மௌனத்தைப் பார்க்கத்தான் போனேன். படகுத்துறையிலிருந்து நடக்கும்போதே இரைச்சல் கேட்டது. வங்கிக்கு அடியில் நூற்றுக்கணக்கான பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அட்டைப்பெட்டிகளைப் பிரித்து விரித்து, ஓரங்களை முழங்கால் உயரத்துக்கு நிமிர்த்தி, டேப் ஒட்டி, ஆளாளுக்கு ஓர் அறை. செருப்பு அறைக்கு வெளியே. உள்ளே சோறு, சீட்டாட்டம், நகப்பூச்சு, தூக்கம். ஒருத்தி போனில் யாரோ ஒரு குழந்தையிடம் முகத்தைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். ஊருக்கு அனுப்பும் பெரிய பெட்டியை நான்கு பேர் அமுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். தலைக்குமேல், வங்கியின் கண்ணாடி அடிவயிறு. அதைத் துளைத்துக்கொண்டு மேலே போகும் இரண்டு எஸ்கலேட்டர்களும் அன்றைக்கு ஓடவில்லை. வங்கிக்கு விடுமுறை.

பெரும்பாலும் பிலிப்பைன்ஸ் பெண்கள். 1980களிலிருந்தே இப்படிக் கூடுகிறார்களாம். நகரத்தில் வீட்டுவேலைக்கென்று வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் மூன்றரை லட்சத்துக்கு மேல். சட்டப்படி வாரத்தில் ஒரு நாள் ஓய்வு உண்டு. அரசாங்க விதியோ, 2003 முதல், அவர்கள் எஜமானர் வீட்டில்தான் தங்கியாக வேண்டும் என்கிறது. அந்த வீடே தீப்பெட்டி. சமையலறையை ஒட்டிய பொந்தோ, குழந்தையின் அறைத் தரையோ, ஏதோ ஒன்று கிடைக்கும். ஓய்வுநாளில் அங்கே இருந்தால் அது ஓய்வாகாது. ஆகவே தெரு, மேம்பால நடைபாதை, பூங்கா, வங்கியின் அடிவயிறு.

இந்த இடத்தில் ஒரு விமர்சகனுக்கு வருகிற சபலத்தைச் சொல்ல வேண்டும். எனக்கும் வந்தது. ‘கட்டிடக்கலைஞன் பாதி எழுதியதை மக்கள் எழுதி முடித்துவிட்டார்கள்’ என்று ஒரு வாக்கியம் மனசில் தயாராகிவிட்டது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மௌனம் என்று எழுதினவன்தான் இதையும் எழுதுகிறான்: அன்றைக்கு ஆளில்லாததை ரசித்தான், இன்றைக்கு ஆளை ரசிக்கிறான். அவள் ஏன் அங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்ற கேள்வி இரண்டிலும் இல்லை.

கௌலூன் மதில் நகரத்துக்கும் இதுதான் நடந்தது. ஆறரை ஏக்கரில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள். ஒன்றோடொன்று சாய்ந்து நின்ற கட்டிடங்கள். பக்கத்து விமான நிலையத்தால் ஏறக்குறைய 14 மாடியோடு நின்றுபோன உயரம். 1993–94இல் இடித்துத் தள்ளிப் பூங்கா வைத்தார்கள். அதன் பிறகுதான் உலகம் முழுக்க அதற்கு ரசிகர்கள் முளைத்தார்கள். திட்டமில்லாமல் தானே வளர்ந்த உருவம் என்று சிலாகிப்பு. கிரெக் ஜிரார்டும் இயன் லாம்பட்டும் 1993இல் கொண்டுவந்த புத்தகத்தில் அங்கே வாழ்ந்தவர்களின் பேச்சும் இருக்கிறது. ரசிகர்கள் படங்களை மட்டும் புரட்டுகிறார்கள். கவிதையில் உருவத்தைப் பற்றி நாமெல்லாம் போட்ட சண்டைகள் நினைவுக்கு வருகின்றன; என் கட்சி எது என்று இந்தச் சிறிய வட்டத்துக்குத் தெரியும். அந்தக் கட்சியை நான் விட்டுவிடவில்லை. ஆனால் நெருக்கடியில் பிறந்த உருவத்தை நெருக்கடியிலிருந்து கத்தரித்து எடுத்துச் சட்டமிட்டு மாட்டுவது உருவவாதம்கூட அல்ல. சேகரிப்பு.

ஷெக் கிப் மெயில் இருக்கும் மெய் ஹோ ஹவுஸ் என்னிடம் அப்படி விளையாடவில்லை. 1953 கிறிஸ்துமஸ் இரவுத் தீயில் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் குடிசை இழந்ததற்கு மறு வருஷம் கட்டியது. மேலிருந்து பார்த்தால் ஆங்கில ‘எச்’. இரண்டு கால்களிலும் அறைகள். குறுக்குக் கட்டையில் பொதுக் குழாயும் கழிப்பறையும். சமையல் வெளி நடையில். பெரியவர் ஒருவருக்கு 24 சதுர அடி, குழந்தைக்கு அதில் பாதி. ஒரு மனிதனுக்கு எவ்வளவு இடம் என்று யாரோ மேஜையில் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள் என்பதைக் கட்டிடம் மூடி மறைப்பதில்லை. அழகு கிடையாது. அது பேசுவது எனக்குப் புரிந்தது. 2013 முதல் அது பயணியர் விடுதி.

வங்கியின் கணக்கு அவ்வளவு வெளிப்படையாக இல்லை. தரையைப் பொதுவழியாக விட்டது தாராள மனசு மட்டுமல்ல. அதற்கு ஈடாக மேலே கூடுதல் பரப்புக் கட்டிக்கொள்ள அனுமதி கிடைத்தது. நான் மௌனம் என்றது ஒரு பேரத்தின் ஷரத்து. 2011 அக்டோபரில் முதலாளித்துவத்தை எதிர்த்து இளைஞர்கள் சிலர் இதே இடத்தில் கூடாரம் அடித்தார்கள். 2012 செப்டம்பரில் நீதிமன்ற உத்தரவின் பேரில் அப்புறப்படுத்தப்பட்டார்கள். பெண்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. இருட்டினால் தாங்களே போய்விடுகிறார்கள்.

இடம் இல்லாததால்தான் இந்த நெரிசல் என்று சொல்லக் கேட்கிறோம். ஹாங்காங்கின் நிலத்தில் கட்டிடம் ஏறியிருப்பது கால்பங்குதான். கிட்டத்தட்ட நாற்பது சதவீதம் காப்பிடப்பட்ட காடும் மலையும். நிலம் அரசாங்கத்துடையது, குத்தகைக்கு விட்டுத்தான் கஜானா நிரம்பிவந்திருக்கிறது. கொஞ்சமாக விட்டால் விலை நிற்கும். ஊர் முழுக்கக் குத்தகையாக இல்லாத ஒரே நிலம் செயின்ட் ஜான் மாதா கோயிலுடையது என்கிறார்கள். வங்கிக்குப் பின்னால், நடக்கிற தூரத்தில்தான். அதன் வளாகத்திலும் அன்று பெண்கள்தான்.

சாயங்காலம் மறுபடியும் வங்கிக்கு வந்தேன். சுவர்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். டேப்பைக் கிழிக்காமல் உரித்து, அட்டைகளை அளவு பார்த்து மடித்துக் கயிறு போட்டார்கள். ஒரு கட்டை மட்டும் ஒருத்தி தனியே எடுத்து ஓரமாகச் சாய்த்துவைத்தாள். அடுத்த வாரத்துக்கா என்று கேட்டேன். ஆமாம், இது நல்ல அட்டை, ஃப்ரிட்ஜ் வந்தது என்றாள். அதற்குள் ஒரு ஆள் நீண்ட ரப்பர் குழாயோடு வந்து, எங்களை விலகச் சொல்லிவிட்டு, தரையைக் கழுவ ஆரம்பித்தான்.