இறந்தவர்களின் மதிப்பெண்

பாலியேட்டிவ் கேர் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் ஒருகட்டத்தில் ஜெனிஃபர் டெமல் குழுவின் கட்டுரைக்கு வந்து சேர்ந்துவிடுவார்கள். 2010இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. பாஸ்டனில், பரவிவிட்ட நுரையீரல் புற்றுநோயோடு 151 பேர். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொன்றுக்கு அதோடு தொடக்கத்திலிருந்தே நோய் ஆதரவு சிகிச்சை. இடைநிலை ஆயுள் முதல் பிரிவில் 8.9 மாதம், இரண்டாவதில் 11.6. எல்லோரும் மேற்கோள் காட்டுவது இந்த வித்தியாசத்தைத்தான்.

ஆனால் ஆய்வின் முதன்மைக் கேள்வி ஆயுள் இல்லை. பன்னிரண்டாவது வாரத்தில் நோயாளி எப்படி வாழ்கிறார் என்பதே. அதை நோயாளிதான் சொல்ல வேண்டும். அதற்குள் 27 பேர் இறந்துவிட்டார்கள். பதில் தந்தவர்கள் 107. உயிரோடிருந்தவர்களில் 86 சதவீதம் என்கிறது கட்டுரை. கணக்கு சரிதான். 151ஆல் வகுத்தால் 71. (யாரும் மறைக்கவில்லை, சுருக்கத்திலேயே இருக்கிறது. நாம்தான் அந்த வரியைத் தாண்டி ஓடிவிடுகிறோம்.)

நான் டேட்டாபேஸோடு மல்லுக்கட்டிப் பிழைக்கிறவன். அங்கே பூஜ்யம் வேறு, 'நல்' வேறு. வெற்றிடத்தைக் குறிக்கும் சொல் தமிழில் எழுதினால் இப்படி ஆகிவிடுவது தனிக் கொடுமை. இந்தக் கட்டுரையில் அந்த வெற்றிடங்களை எப்படி நிரப்பினார்கள்? இறந்தவர்கள் உட்பட, பதில் வராத எல்லோருக்கும் ஆய்வின் தொடக்கத்தில் அவர்களே தந்த மதிப்பெண்ணைத் திரும்பப் போட்டும் பகுப்பாய்வு செய்தார்கள். இரண்டு பக்கமும் மாற்றமில்லை என்று வைத்தால் வித்தியாசம் சுருங்கும், அதனால் இது எச்சரிக்கையான முறை என்பது வாதம். புள்ளியியலாக ஒப்புக்கொள்ளலாம். வாசகனாக முடியவில்லை. செத்துப்போன மனுஷன் முதல் நாள் சொன்ன "பரவால்ல"யையே மூன்று மாதம் கழித்தும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சரி, வேறு எதைப் போடுவது? பூஜ்யம் போட்டால் மரணமே ஒரு மதிப்பெண்ணாகிவிடும். நீக்கிவிட்டால் தாக்குப்பிடித்தவர்கள் மட்டுமே மிஞ்சுவார்கள். வீட்டாரைக் கேட்கலாம். அம்மாவுக்கு மூச்சுத் திணறியது மகளுக்குத் தெரியும். அம்மாவின் பயம்?

இந்த ஆய்வின் திசையை நான் நம்புகிறேன். இறந்த தேதிக்கு யாருடைய பதிலும் தேவையில்லை. வாழ்க்கைத்தர மதிப்பெண் 98.0, 91.5 என்று தசமத்தோடு நிற்கிற இடத்தில்தான் வேகத்தைக் குறைக்கிறேன். அவை பதில் சொல்ல முடிந்தவர்களின் சராசரி. உயிரோடிருந்தும் பதில் தராதவர்கள் 17 பேர்.