இரண்டாம் அடி

புறநானூற்றின் 192ஆம் பாட்டை அறியாத தமிழாசிரியர் இலர். கணியன் பூங்குன்றனாரின் அப்பாட்டின் முதலடி, ஈப்போவிலும் பேராவின் தோட்டப்புறங்களிலும் தமிழ் விழா நடக்கும் மேடைதோறும் முழங்குவது. கடல் கடந்து குடியேறியோர் வழிவந்த நமக்கு, எல்லா ஊரும் நம் ஊரே என்னும் கருத்து இனிப்பது இயல்பே.

ஆயின், கைதட்டல் ஓய்ந்தபின் பேச்சு எங்குச் செல்கின்றது? மேனாட்டு நாகரிகம் பிள்ளைகளைக் கெடுத்தது, திரைப்படம் கெடுத்தது, பிறமொழி நம் தமிழைக் கெடுத்தது என்று செல்கின்றது. பாட்டின் இரண்டாம் அடியோ, கேட்டுக்கும் ஆக்கத்துக்கும் அயலாரைக் காரணம் காட்டலாகாது என்கின்றது. முதலடியைப் போற்றி அடுத்த அடியை மறப்பது முறையான படிப்பு அன்று. இவ்விரண்டும் தனித்தனிக் கருத்துகளும் அல்ல. எல்லாரும் உறவினர் என்றபின், பழி சுமத்த அயலார் எங்கே இருக்கின்றனர்?

ஈண்டு ஒரு தடை எழலாம். அதே பாட்டு, உயிரை ஆற்று நீரின் வழியே செல்லும் தெப்பமாகக் காட்டுகின்றதே. ஊழின்வழி நடப்பதற்கு நாம் எவ்வாறு பொறுப்பாவோம்? புலவர் ஆற்றைச் சுட்டினாரேயன்றிக் கரையில் நிற்பவரைச் சுட்டவில்லை என்பதே விடை. தெப்பம் தடுமாறினால் கரையில் நிற்பவரை ஏசுவதற்குப் பாட்டில் இடமில்லை.

நம் வரலாறும் இதற்குச் சான்று. ஆங்கிலேயர் ஆட்சியில் தோட்டந்தோறும் கள்ளுக்கடை இருந்தது. அஃது ஆட்சியாளர் குற்றமே. அதனை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் 1940களில் கெடா மாநிலத்தில் எழுந்த தொண்டர் படையினர் துரைமாரை ஏசியதோடு அமையவில்லை. தம் மக்களிடமே கள்ளை விடச் சொல்லிக் கடைமுன் மறியலும் செய்தனர். பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, பேராவின் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பால்மரம் சீவியவர்கள் மாதம் 10 வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களுக்கே பங்குதாரர் ஆயினர். ஆற்றை மாற்ற இயலாதவர் துடுப்பைக் கையில் எடுத்தனர்.

அயலிலிருந்து வருவன எல்லாம் கேடும் அல்ல. 1578இல் கொல்லத்தில் தமிழை அச்சேற்றியவர் ஐரோப்பியப் பாதிரிமார். அந்த அச்சுக்கலையைக் கொண்டே உ. வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றை வெளியிட்டார். கருவி அயலாருடையது, ஏடு தேடி அலைந்த உழைப்பு நம்மவருடையது. அவ்வுழைப்பு இல்லையேல் எந்த அச்சுக்கூடமும் பூங்குன்றனாரை நமக்குத் தந்திராது.

இன்று பால்மரக் காடுகள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடந்தந்துவிட்டன. நகரத்து வீட்டில் வளரும் பிள்ளைக்குத் தமிழ் படிக்க வரவில்லை எனின், முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை. வீட்டில் எத்தனை தமிழ் நூல்கள் உள? பிள்ளை காணத் தந்தை எப்போது ஒரு நூலைத் திறந்தார்? மேனாட்டார் எவரும் நம் வீட்டு நூல்களைத் தூக்கிச் செல்லவில்லை.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அப்பாட்டை அடுத்த முறை நடத்துங்கால், முதலடியை மாணவர் சேர்ந்து பாடட்டும். இரண்டாம் அடியை ஒவ்வொருவரும் தனித்தனியே எழுந்து நின்று சொல்லட்டும், ஆசிரியரும் சொல்லட்டும்.