துணியில் இல்லாத பூஜ்ஜியம்

பாண்டி பஜாரில் வாங்கிய ரூலெட் செட் சில வாரங்களாக எங்கள் கூடத்து மேஜையில்தான் கிடக்கிறது. சக்கரம், பச்சைத் துணி, இரும்புக் குண்டு, கலர் டோக்கன் என்று எல்லா செட்டிலும் இருப்பவைதான். சக்கரம் மட்டும் விரலால் சுண்டினாலே ஆட்டமில்லாமல் சுற்றுகிறது. இந்த விலைக்கு அது பெரிய விஷயம்.

கோளாறைக் கண்டுபிடித்தது, கல்லூரியில் படிக்கும் அண்ணன் மகள். துணியில் இருந்த 37 எண்களிலும் தலா ஒரு டோக்கன் வைத்தாள். "சித்தப்பா, எல்லா நம்பர்லயும் வெச்சாச்சு. இப்போ எப்படித் தோப்பேன்?" குண்டு போய் விழுந்தது 00-இல். துணியில் அந்தக் கட்டமே இல்லை. அத்தனையும் போச்சு.

ஐரோப்பியச் சக்கரத்தில் 0 முதல் 36 வரை 37 குழிகள். அமெரிக்கச் சக்கரத்தில் 00 சேர்ந்து 38. இந்த செட்டைத் தயாரிக்கும் நிறுவனம் அமெரிக்கச் சக்கரத்தையும் ஐரோப்பியத் துணியையும் ஒரே பெட்டியில் போட்டு விற்கிறது. விதித் தாளில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. வாங்குகிறவரை மதிக்காத வேலை இது.

ஏனென்றால் ரூலெட்டின் மொத்தக் கணக்கும் பூஜ்ஜியத்தில்தான் இருக்கிறது. ஒற்றை எண்ணில் கட்டி ஜெயித்தால் ஒன்றுக்கு 35. இரண்டு எண்களுக்கு நடுக்கோட்டில் வைத்தால் 17, மூன்று எண் வரிசைக்கு 11, நாலு எண் கூடும் மூலைக்கு 8, ஆறு எண்ணுக்கு 5, டசனுக்கு 2, சிவப்பு கறுப்புக்கு 1. எல்லாமே 36 குழிகள்தான் உண்டு என்று வைத்துப் போட்ட விகிதம். அதற்கு மேல் உள்ள குழி மேஜை நடத்துபவரின் பங்கு. ஒரு பூஜ்ஜியம் என்றால் கட்டுகிற நூறு ரூபாயில் சராசரியாக 2.70 அவருக்குப் போகும். இரண்டு என்றால் 5.26. இந்தத் துணியில் எங்கே வைத்தாலும் அந்த நஷ்டம் மாறாது.

"இத்தனை தடவை கறுப்பு வந்தாச்சு, இனி சிவப்புதான்" என்ற நம்பிக்கையும் உதவாது. 1913 ஆகஸ்டில் மான்டி கார்லோவில் தொடர்ந்து 26 முறை கறுப்பு விழுந்தது. குண்டுக்கு முந்தின சுற்று ஞாபகம் இருப்பதில்லை.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு ஒரு வழி உண்டு. 00 விழுந்தால் அந்தச் சுற்று செல்லாது என்று வைத்துக்கொண்டு மறுபடி சுற்றுங்கள். மீதி 37 குழிகளுக்கும் வாய்ப்பு சமம் என்பதால், ஆட்டம் அப்படியே ஐரோப்பிய ரூலெட் ஆகிவிடும்.

தமிழ்நாட்டில் ரூலெட் போன்ற அதிர்ஷ்ட ஆட்டங்களை இணையத்தில் காசு வைத்து ஆட 2023 முதல் தடை. நல்ல தடை. கோவாவில் மாண்டோவி ஆற்றுக் கேசினோ கப்பலில் ஏறத் துடிப்பவர்கள் ஒரு சாயங்காலம் வெறும் டோக்கனை வைத்து ஆடிப் பார்க்கட்டும். காசு எந்தப் பக்கம் ஓடும் என்று கண்ணெதிரே தெரிந்துவிடும். அதற்காகவே இப்படி ஒரு செட் வீட்டில் இருக்கலாம். ஆனால் நான் வாங்கிய இந்த செட்டை வாங்காதீர்கள். கடையில் பெட்டியைப் பிரித்துக் காட்டச் சொல்லி, சக்கரத்திலும் துணியிலும் பூஜ்ஜியம் ஒத்துப்போகிற செட்டாகப் பார்த்து வாங்குங்கள்.