கேமரன் மலையும் அவசரகால ஆராய்ச்சியும்

தீவிரவாதம் மனித சுபாவத்தின் எந்த இடத்தில் வேர்கொள்கிறது என்று ஆராய முற்பட்டவர்களுக்கு, 1948 முதல் 1960 வரை மலாயாவில் பிரிட்டிஷ் ஆட்சிக்கும் கம்யூனிஸ்ட் போராளிகளுக்கும் இடையே மூண்டு நடந்த அவசரகாலப் போர் நெடுங்காலமாக ஒரு முக்கியமான சான்றாக இருந்து வருகிறது. அந்தப் போர் நிகழ்ந்த தித்திவங்சா மலைத்தொடரில்தான், 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் நிறுவிய போ தோட்டம் முதலான கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்கள் அமைந்திருக்கின்றன. அங்கே கொழுந்து பறித்து வாழ்ந்த நம் மக்களுக்கு, தூரதேசத்து வல்லரசுகளின் கொள்கைப் பகை, அவர்கள் குடியிருந்த லயத்தை அடுத்த காட்டிலேயே வந்து குடியேறியது.

ஜப்பானியரை எதிர்த்துப் பிரிட்டிஷாருடன் சேர்ந்து போராடி, அதற்காக அவர்களிடமே விருதும் பெற்ற மலாயாக் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் சின் பெங், சில ஆண்டுகளுக்குள் அவர்களுடைய தலையாய பகைவரானார். 1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டத் துரைமார் கொல்லப்பட, அவசரகாலம் பிரகடனமாயிற்று. அவ்வாண்டு டிசம்பரில் பத்தாங் காலியில் பிரிட்டிஷ் துருப்புகள் ஆயுதமற்ற 24 பேரைச் சுட்டுக் கொன்றன. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராயிருந்த தமிழர் எஸ். ஏ. கணபதி, கைத்துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக, இந்திய அரசாங்கம் கருணை வேண்டியும் பயனின்றி, 1949 மே 4-இல் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார்.

அக்காலத்துப் போராளிகளின் மனோபாவத்தை ஆழ்ந்து நோக்கியவர் அமெரிக்க அறிஞர் லூசியன் பை. சரணடைந்த அறுபது சீனப் போராளிகளைப் பேட்டி கண்டு 1956-இல் அவர் வெளியிட்ட நூல், மார்க்சியத் தத்துவத்தைக் காட்டிலும், நிலைகுலைந்த சமுதாயத்தில் தமக்கு ஓர் இடமும் முன்னேறுவதற்கு ஒரு வழியும் வேண்டுமென்ற ஆவலே பலரை இயக்கத்தில் சேர்த்தது என்று காட்டுகிறது. ஆயினும் சரணடைந்தவர்களின் வாக்குமூலம், கடைசிவரை காட்டிலேயே நின்றவர்களின் மனத்தை முழுதும் விளக்கிவிடாது. மேலும் அந்நூல் சீனரைப் பற்றியது; இந்தியர் பக்கத்தை அறிய உதவுவது மைக்கேல் ஸ்டென்சனின் 1980-ஆம் ஆண்டு நூல்; வர்க்கம், இனம், காலனியாதிக்கம் ஆகிய மூன்றையும் இணைத்து அது இந்தியத் தொழிலாளரின் வரலாற்றை ஆராய்கிறது.

அரசாங்கமே எழுதச் சொல்லிப் பின்னர் வெளியிட மறுத்த அந்தோணி ஷார்ட்டின் அவசரகாலச் சரித்திரம் 1975-இல் லண்டனில் வெளிவந்தது. ஏறக்குறைய ஐந்து லட்சம் பேரைப் புதுக்கிராமங்களில் குடியேற்றிய நடவடிக்கையையும், கொரிய யுத்தத்தால் ரப்பரும் வெள்ளீயமும் விலையேறியதையும் ரிச்சர்ட் ஸ்டப்ஸ் 1989-இல் விரிவாக ஆராய்ந்தார். சுங்கை சிப்புட் கொலைகள் தலைமையின் கட்டளையால் நிகழ்ந்தவை அல்ல என்று 2003-இல் வந்த தம் சுயசரிதையில் சின் பெங் வாதிடுகிறார். ஜான் லியரியின் 1995-ஆம் ஆண்டு ஆய்வோ, இரு தரப்பாரும் தம் பக்கம் இழுக்க முயன்ற ஒராங் அஸ்லி பழங்குடி மக்களின் துயரத்தை முன்வைக்கிறது. புனைகதையில், டான் துவான் எங் தம் ஆங்கில நாவலொன்றைக் கேமரன் மலையின் கற்பனைத் தேயிலைத் தோட்டமொன்றில் நிகழ வைத்து 2012-இல் உலகப் புகழ் பெற்றார்; தமிழில் அ. ரெங்கசாமியின் ‘லங்காட் நதிக்கரை’ அவசரகாலத்தைத் தொட்டு எழுந்தது.

இவற்றை ஒருசேரக் கற்கையில் எனக்குத் தெளிவாவது இதுவே: தீவிரவாதத்தை மனிதன் பிறவியிலேயே கொண்டுவருவதில்லை; நியாயம் கேட்கச் சென்ற தொழிற்சங்கக் கதவுகள் அடைக்கப்பட்டு, அச்சமும் அவமானமும் வளர்ந்த பிறகே துப்பாக்கி அவனுக்கு வழியாகத் தோன்றுகிறது; எடுத்த துப்பாக்கியோ, யாருக்காக எடுக்கப்பட்டதோ அந்த ஏழைகளையே முதலில் நடுங்கச் செய்கிறது.

ஆனால் இத்துறையில் பெருங்குறை ஒன்று உண்டு. பிரபுக்களும் தளபதிகளும் போராளிகளும் பேசியிருக்க, தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்ணின் சாட்சியம் மிக அரிதாகவே ஏட்டில் ஏறியிருக்கிறது. அன்று சிறுவர் சிறுமியராயிருந்து இன்று முதுமையெய்தியவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள். மலேசியத் தமிழ்ப் பள்ளிகளும் எழுத்தாளர் சங்கங்களும் பல்கலைக்கழக மாணவர்களும் ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் பக்கத்து முதியோரைத் தேடிச் சென்று, அவர்கள் சொல்வதை இப்பொழுதே பதிவு செய்ய வேண்டுமென்று வேண்டுகிறேன்.